ரேடியோ இருக்கிறது, விமானம் இல்லை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பாதிக் கோபம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். போனில் கூப்பிடலாம் என்றால் நீங்கள் வேலை பார்க்கும் மலைச் சுரங்கத்தில் சிக்னலே கிடையாதாம், ஆபீஸ் போனில் பேசினால் எல்லோர் காதிலும் விழும். அதனால் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் அறுக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், அது கண்ணாடித் தூள்தான்.

போன வருஷம் மைதானத்தில் நடந்ததைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இவர் ரேடியோவால் இயக்கிப் பறக்கவிட்ட சின்ன விமானம் தலைகுப்புற வந்து உங்கள் வீட்டுக்காரியின் தோளைக் கிழித்தது. தையல் போடும்படி ஆயிற்று. நீங்கள் அத்தனை பேர் முன்னாலும் "குடிச்சிட்டு வந்து விமானம் விடுறியா?" என்று கத்தினீர்கள். இவர் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். மைதானம் பக்கமும் போவதில்லை. நொறுங்கிய விமானத்தைக் குப்பையில் போட்டுவிட்டார். அதை இயக்கும் ரேடியோ இருக்கிற பெட்டி மட்டும் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். ஒரு விமானம் வாங்கிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்கிறார்:

"ரேடியோ இருக்குங்களா?"

"இருக்கு."

"எத்தனை சேனல்? ரிசீவர் எந்த மாடல்? சார் என்ன மோடு?"

"மூடு ஒரு வருஷமா சரியில்லைங்க" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நான் வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்? இருக்கிற ரேடியோவுக்கு எந்த விமானம் பொருந்தும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 11

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. விமானத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதை எழுத மனமில்லை.

ரேடியோவும் சேர்ந்தே வரும் பெட்டியை வாங்காதீர்கள். அதில் வருவது விளையாட்டுச் சாமான். அவனிடம் இருப்பது நல்ல ரேடியோ. நானும் அவனும் சேர்ந்து போய்த்தான் வாங்கினோம். ரிசீவர் இல்லாமல் விற்கும் விமானங்கள் உண்டு. மோட்டார் இருக்கும், இறக்கையையும் வாலையும் அசைக்கிற சின்ன சர்வோ மோட்டார்கள் இருக்கும். அவனுடைய பழைய ரிசீவரை உள்ளே வைத்து வயர்களைச் சொருகினால் போதும். ரேடியோவும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். வேறு கம்பெனி ரிசீவர் என்றால் இது கூப்பிடுவது அதற்குக் கேட்காது.

அதனால் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரிசீவர் உள்ளே இருக்கிறதா, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது, ரேடியோவை ஆன் செய்தால் திரையில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். மோடு என்பது எந்தக் குச்சி எதை அசைக்கும் என்ற கணக்கு. அவன் சின்ன வயதிலிருந்தே மோடு 2. அதைக் கடைக்காரரிடம் நீங்களே சொல்லிவிடலாம்.

கடையில் சிவப்பாக, இறக்கை தாழ்ந்து, பார்க்க ராக்கெட் போல ஒன்று இருக்கும். அதைக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அவன் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கொழுந்தன்


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்காததால் நானும் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார்.

அவர் கிரேன் ஓட்ட யார்டுக்குக் கிளம்பிய பிறகு பெட்டியைத் திறந்தேன். சொந்த வீட்டிலேயே திருடுகிற மாதிரி இருந்தது. ரேடியோ இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. அதில் ரிசீவரும் நான்கு சர்வோவும் வரிசையாகத் திருகி வைத்திருக்கிறார். விமானம் இல்லை, அதன் குடல் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவர்மேல் இருந்த எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதுதான் ஒன்று புரிகிறது. நான் அடுப்படியில் இருக்கும்போது உள்ளறையில் வண்டு சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் அடிக்கடி கேட்கும். பாழாய்ப்போன டியூப் லைட் என்று நினைத்து மாற்றக்கூட மாற்றினேன். அது இந்த சர்வோக்கள்தான். ஆன் செய்து குச்சியை அசைத்தேன், அதே சத்தம்.

திரையில் மோடு 3 என்று இருக்கிறது. நீங்கள் 2 என்றீர்கள். இடது குச்சியைத் தள்ளிவிட்டால் தானாக நடுவுக்கு வருகிறது. அந்தக் குச்சியின் நுனி தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. வலது குச்சியை அசைக்கவே முடியாது, சுற்றி டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். டேப்மேல் தூசி. இடது பக்க ஓரத்தில் மேலும் கீழும் போகும் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதற்கு ரப்பர் சுற்றியிருக்கிறார்.

வலது பக்கம் கெட்டுப்போய்விட்டதா? அப்படியானால் ரேடியோவையும் புதிதாக வாங்க வேண்டுமா? கடைக்காரர் அந்தச் சிவப்பு விமானத்தைத்தான் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ரேடியோவை வேறு யாராவது வாங்கிக்கொண்டு போனார்களா? யாரிடமாவது கொடுத்து வாங்கினானா? அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

ரேடியோ கெடவில்லை. கெட்டுப்போன குச்சியை யாரும் டேப் போட்டு ஒட்டமாட்டார்கள். மோடு 2-இல் விமானத்தைத் திருப்புவதும் மேலே ஏற்றுவதும் இறக்குவதும் வலது கை. மோடு 3-இல் அது முழுவதும் இடது கைக்கு வந்துவிடும். ஒரு பட்டனை அமுக்கி மாற்றுகிற காரியம் இல்லை. ரேடியோவின் முதுகைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்ற வேண்டும். மிச்சம் இருக்கிற மோட்டார் வேகத்தை அந்த ஓரப் பொத்தானுக்குக் கொண்டுவந்திருக்கிறான். இடது கை விரலுக்கே எட்டும். வழுக்காமல் இருக்கத்தான் ரப்பர்.

அண்ணி, இது வலது கை இல்லாத ஒருவன் பறக்க விடுவதற்கான ஏற்பாடு.

அண்ணனுக்கு வலது கை இருக்கிறதே என்று சொல்வீர்கள். தயவுசெய்து அந்தக் கையை இரண்டு நாள் கவனியுங்கள். கேட்காதீர்கள், பாருங்கள். விமானத்தை இப்போது வாங்காதீர்கள்.

இன்னொன்று. அவர் இன்னும் கிரேனில் ஏறுகிறாரா?

கொழுந்தன்


ஏப்ரல் 1

தம்பி,

நீங்கள் சொன்னபடி அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பார்த்தேன். முதல் நாள் காலையிலேயே பார்த்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் எதற்கு? டீ கப்பை இடது கையால் எடுக்கிறார். சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டபடியே வைத்து பனியன் மாதிரி தலைவழியாக மாட்டுகிறார். லேஸ் கட்டும் ஷூவை விட்டுவிட்டுச் செருகும் ஷூ வாங்கியிருக்கிறார். "வயசாகுது, குனிய முடியலை" என்றார், நானும் கூடப் போய்த்தான் வாங்கிக் கொடுத்தேன்! தாடி வளர்த்தார். "நல்லாயிருக்கு" என்றேன். சவர பிளேடைப் பிடிக்க முடியவில்லை தம்பி, அதுதான் அந்தத் தாடி. ஊரில் இருக்கிறவர்கள் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறேன். ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷனை நான் பார்க்கவே இல்லை.

கல்யாண நாள் அன்று சாயங்காலம், கடையிலிருந்து ஒரு பிரேமைக் கொண்டுவந்தேன். கையில் கொடுத்து, "இந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் முடுக்கிக் குடுங்க, என் கண்ணுக்குத் தெரியலை" என்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரை இடது கையில் வாங்கினார்.

"வலது கையில பிடிங்க" என்றேன்.

"எதுல பிடிச்சா என்ன?"

"பிடிங்களேன், பார்க்கிறேன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கைக்கு மாற்றினார். விரல்கள் மூடவில்லை. ஸ்க்ரூடிரைவர் விழுந்து உருண்டு சோபாவுக்கடியில் போய்விட்டது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"கொஞ்ச நாளாவே மரத்துப் போய்க்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு மைதானத்துல, மேலே தூக்கணும்னு குச்சியை இழுக்கிறேன், கை வரலை. நான் இழுத்துட்டேன்னுதான் நெனச்சேன். விமானம் போய் அந்தப் பொண்ணு மேல இடிக்குது, என் கை சும்மா குச்சி மேல கிடக்குது."

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? தம்பி அப்படிக் கத்துறப்போ?"

"கைக்கு என்னமோ ஆச்சுன்னு சொன்னா கிரேன்ல இருந்து இறக்கிடுவாங்க. குடிகாரன்னு நெனச்சா தம்பி ஒருத்தன் கோபத்தோட போயிடும்."

தம்பி, நீங்கள் கேட்டீர்களே, இன்னும் ஏறுகிறாரா என்று. தினமும் ஏறுகிறார். நேற்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு யார்டு வாசலில் போய் நின்றேன். கீழே நின்று கைகாட்டும் சிக்னல்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் சொல்கிறார்: "அண்ணன் இப்ப ரொம்ப நிதானம்மா. முன்னெல்லாம் தூக்கிக்கிட்டே நகர்த்துவாரு. இப்ப தூக்கி முடிச்சு, நிறுத்தி, அப்புறம்தான் நகர்த்துறாரு." ஒரே கையை ஒரு லீவரிலிருந்து எடுத்து மற்ற லீவருக்குக் கொண்டுபோகிறார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. மேலே இரும்புக் கம்பிக் கட்டு தொங்குகிறது, கீழே ஆட்கள் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "இன்னும் கொஞ்ச நாள்" என்கிறார். என்ன செய்யட்டும்?

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

இன்னும் ஒரு நாள்கூட வேண்டாம். இந்தக் கடிதம் வந்த அன்றே அவர் சூப்பர்வைசரிடம் சொல்லட்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். உங்களால் முடியாது என்றால் சைட் ஆபீஸ் போனில் நான் சொல்கிறேன். என்னை வாழ்நாள் முழுக்கத் திட்டட்டும், ஏற்கெனவே பேசாமல்தானே இருக்கிறார்.

மைதானத்தில் அன்று அவர் நடக்கும்போது தள்ளாடினார். டீ கப்பைக் கீழே போட்டார். அதைப் பார்த்துத்தான் குடி என்று முடிவு கட்டினேன். கை மட்டும் இல்லை அண்ணி, காலும் சரியில்லை. அந்தக் காலோடு கிரேன் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

கொழுந்தன்


ஏப்ரல் 20

தம்பி,

இறங்கிவிட்டார். நான் சொல்லவும் இல்லை, நீங்கள் போன் செய்யவும் இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று காலை, முன்பு வந்தவற்றையும் சேர்த்து அவர் முன்னால் போட்டேன். முதலில் உறையைத்தான் பார்த்தார்.

"நீ அவனுக்கா எழுதினே?"

"ஆமா."

"எதுக்கு?"

"உங்க ரேடியோவுக்கு விமானம் வாங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாக் கடிதங்களையும் படித்தார். திருப்பியும் படித்தார். "மோடு மூணுன்னு வெச்சே கண்டுபிடிச்சுட்டானா!" என்றார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில், திட்டாதீர்கள், பெருமை தெரிந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு போய் நேராக யார்டு ஆபீஸில் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குறை கையில் இல்லை, கழுத்தில். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறதாம். "இவ்வளவு நாள் இதோட ஏணி ஏறினீங்களா?" என்று டாக்டர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தடவை கழுத்து பலமாகக் குலுங்கியிருந்தால் கையும் காலும் மொத்தமாகப் போயிருக்குமாம். ஆபரேஷன் செய்தால் இதற்குமேல் மோசமாகாது, போனதில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்.

வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். நீங்கள் வருவீர்கள் அல்லவா? அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் "மலையில இருந்து வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று காரணமில்லாமல் விசாரித்தார்.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஆபீஸ் போனில் நீங்கள் சொன்னதாகச் சொன்னார்கள். நான் வரவில்லை. சுரங்கத்துக்குள் தண்ணீர் கசிந்து இறங்குகிறது, பம்புகளைப் பார்க்கிற எலெக்ட்ரீஷியன் நான் நகர முடியாது, லீவு இல்லை.

விமானம் பற்றி. அந்தச் சிவப்பு விமானம் வேண்டாம் என்று முதலில் சும்மா சொன்னேன், இப்போது காரணத்தோடு சொல்கிறேன். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற, நீளமான இறக்கையுள்ள விமானமாக வாங்குங்கள். இறக்கையின் இரண்டு நுனியும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டது சாய்ந்தாலும் குச்சியை விட்டால் தானே நிமிரும். யோசிக்க நேரம் கொடுக்கும். புதிதாக ஒரு கையால் கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ரேடியோவில் எதையும் மாற்ற வேண்டாம். பலகையில் இருக்கும் ரிசீவரைக் கழற்றி மாட்டினால் போதும். முதல் தடவை ஆன் செய்யும்போது விமானத்தின் மூக்கில் இருக்கும் காற்றாடியைக் கழற்றிவிடுங்கள். தவறிச் சுற்றினால் விரலை வெட்டிவிடும்.

விமானம் எழும்ப அதைக் கையால் வீச வேண்டும், அவரால் முடியாது. ஓடி வீசுவதற்கு வேறு ஆள் வேண்டும்.

கொழுந்தன்


மே 6

தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கழுத்துப் பட்டையோடு கட்டிலில் கிடந்தபடி, "சரியாத்தான் சொல்றான்" என்றார். அவ்வளவுதான்.

லீவு இல்லை என்பதை நான் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை. ஆனால் அவர் உங்களை விட்டுக்கொடுக்காமல், "சுரங்கம்னா அப்படித்தான்" என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் கத்தியதைவிட இந்த வராமல் இருப்பது பெரிதாக வலிக்கிறது.

அண்ணி


ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

வலது கையில் கட்டை விரலும் பக்கத்து விரலும் அசைய ஆரம்பித்திருக்கின்றன. மற்ற மூன்றும் இன்னும் வரவில்லை. நடை நேராகிவிட்டது. கிரேனில் இனி ஏற்றமாட்டார்கள். யார்டிலேயே சிக்னல்காரராகப் போட்டிருக்கிறார்கள். "இருபது வருஷம் ஒருத்தன் கீழே நின்னு என்னை ஆட்டி வெச்சான், இப்ப என் முறை" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். முதல் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன மாதிரியே மஞ்சள் நிறத்தில், நீள இறக்கை விமானம் வாங்கினேன். ரிசீவரை நானே மாட்டினேன். லென்ஸ் வேலை செய்கிற கைக்கு அது பெரிய விஷயமா? இவர் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது யார் தெரியுமா? உங்கள் வீட்டுக்காரி. ஒரு போன் இல்லை, தகவல் இல்லை. இவர் கையில் இருந்த ரேடியோப் பெட்டியைப் பார்த்தாள். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, நான் உள்ளே வரலாமா, இல்லை நேரா மைதானத்துக்கே போயிடலாமா?" என்று கேட்டாள்.

"நீ... உனக்கு என் மேல..." என்று இவர் திணறினார்.

"தையல் போட்டது எனக்கு. கோபப்படறதா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? உங்க தம்பி எதுக்கு என் பேர்ல ஒரு வருஷமா முறுக்கிக்கிட்டு இருக்கார்? கேட்டா சுரங்கத்துல தண்ணியாம். அக்கா எழுதின கடிதத்தை எல்லாம் போன தடவை வந்தப்போ சட்டைப் பையோட துவைக்கப் போட்டுட்டுப் போயிட்டார். அப்புறம்தான் எனக்கே விஷயம் தெரியும்."

மைதானத்தில் எல்லோரும் இருந்தார்கள். அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். "யாரு எறியறது?" என்று இவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விமானத்தைத் தூக்கிவிட்டாள். இவர் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். ரேடியோவைத் தோள்பட்டியில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர், குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"மாமா, நான் ஓடப்போறேன். மோட்டாருக்கு வேகம் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டாள்.

எழும்பியது தம்பி. முதலில் தரையை முட்டுகிற மாதிரி இறங்கியது, எங்கேயோ யாரோ "ஐயோ" என்றார்கள், பிறகு நிமிர்ந்து மேலே போனது. இவர் இடது கட்டை விரல் மட்டும் அசைகிறது. வலது கை தொங்குகிறது. அந்த மஞ்சள் விமானம் மைதானத்தைச் சுற்றி வந்தது, இன்னொரு சுற்று வந்தது. இவர் கண் வானத்தில் இருந்தது, கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக் கை இல்லை. நான் துடைத்துவிட்டேன்.

இறக்கிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இந்த விமானத்தை அவன்தான் எடுத்துக் குடுத்தான்" என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். அத்தனை பேர் முன்னாலும்.

அண்ணி


ஜூலை 21

அன்புள்ள அண்ணிக்கு,

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவலி, நாள் முழுக்கப் படுத்திருந்தேன் என்று ஆபீஸ் போனில் சொன்னாள். நானும் மாத்திரை போடு என்று சொன்னேன்! உங்கள் கடிதத்தை மெஸ்ஸில் படித்தேன். ஓடினாள் என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "என்னப்பா, வீட்டுல ஏதாவது துக்கமா?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "இல்லை, எங்க அண்ணன் விமானம் விட்டார்" என்றேன்.

சுரங்கத்தில் தண்ணீர் இறங்கியது உண்மை. லீவு கிடைக்கவில்லை என்பது பொய். நான் கேட்கவே இல்லை. அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதை நீங்கள் எழுதித்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு இங்கே எப்படி உட்கார்ந்திருப்பது?

இன்று லீவு கேட்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அதுவும் ஒரு அதிர்ச்சி.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். அண்ணனிடம் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லிவிடுங்கள். சொன்னால் அவர் நிலையத்துக்கு வந்து நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கால் வராது. அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடுவேன்.

எதற்கும் சொல்லிவிடுங்கள். என் பெட்டி எது என்று தேட வேண்டாம், இன்ஜினிலிருந்து மூன்றாவது. நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் உள்ளே ஏறி இழுத்துவிடச் சொல்லுங்கள். இடது கையே போதும்.

அன்புடன்,
உங்கள் தம்பி